பாதி சிவந்த மணிகள்

கந்தகம் சேர்ந்த அந்தத் திரவம் இருந்த பாட்டிலின் மூடியைக் கல்லூரி ஆய்வகத்தில் நான் முதன்முதலாகத் திறந்தபோது, கீழே வகுப்பில் இருந்த பிள்ளைகள் காஸ் லீக்காகிறது என்று கத்திக்கொண்டு மைதானத்துக்கு ஓடினார்கள். அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. சமையல் காஸ் கசிந்தால் தெரிய வேண்டும் என்று அதில் கலக்கிற நாற்றமும் இதே குடும்பத்துப் பிள்ளைதான். முதல்வர் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு மாடியேறி வந்தார். "ஆராய்ச்சி பண்ணுங்க மேடம், வேணாங்கல. ஆனா இங்க வேணாம்" என்றார்.

விருத்தாசலத்தில் அந்தக் கல்லூரியில் வேதியியல் பாடம் எடுத்துக்கொண்டே, புதுச்சேரியில் ஒரு பேராசிரியையிடம் பகுதி நேரமாக முனைவர் பட்டத்துக்குப் பதிந்திருந்தேன். ஊரில் தினசரி மின்வெட்டு தொடங்கியிருந்த காலம். ஆய்வகம் இல்லை, கரண்ட் இல்லை, கையில் இருந்தது நாற்றம் மட்டும். வேறு யாராவது என்றால் பட்டமும் வேண்டாம் பாட்டிலும் வேண்டாம் என்று போயிருப்பார்கள். எனக்குப் பிடிவாதம் கொஞ்சம் ஜாஸ்தி. என் வாயும் கொஞ்சம் ஜாஸ்திதான். அது பின்னால் வரும்.

இடம் கொடுத்தது சித்தி, அம்மாவின் தங்கை. ஜங்ஷனுக்குப் பக்கத்தில் அவருக்கு ஒரு சின்ன பீங்கான் யூனிட் இருந்தது. முன்பக்கம் வீடு, பின்பக்கம் பட்டறை, அதற்கும் பின்னால் சூளை. மாடி அறையில் நான் குடியிருந்தேன். பட்டறையில் மாதா சுரூபமும் குழந்தை யேசுவும் அந்தோணியாரும் செய்தார்கள். ஆவணி வந்தால் அதே மேசையில் பிள்ளையார். "அச்சு மாறினா சாமி மாறும், களி ஒண்ணுதான்" என்பார் சித்தி. ஞாயிறு தவறாமல் பங்குக் கோயிலுக்குப் போகிறவர் என்றாலும் இதைச் சொல்வதில் அவருக்குக் கூச்சமே கிடையாது.

பீங்கானுக்குப் பளபளப்பு ஏற்றுகிற கிளேஸ் கலக்குவதற்கென்று கட்டிய பின்னறையை எனக்கு ஒழித்துக் கொடுத்தார். நாற்றத்தைப் பற்றி எச்சரித்தேன். திறந்த பாட்டிலை மூக்குக்கு நேராகப் பிடித்து ஆழமாக இழுத்தார்.

"எனக்கு ஒண்ணும் தெரியலியே பாப்பா."

பல வருஷ சைனஸ். மாதாவே கண் பார்த்துச் செய்த ஏற்பாடு என்று நினைத்துக்கொண்டேன். ஆனால் ஒரு நிபந்தனை வைத்தார். "மழை புடிச்சதும் ரூமை வுட்டுடணும். அப்பதான் கிறிஸ்மஸ் குடில் ஆர்டரு வரும். ஆட்டுக்குட்டியும் ஒட்டகமும் நனையாம காய வைக்க எனக்கு வேற எடம் கெடையாது."

சரி என்றேன். மழைக்கு அப்போது மாசக்கணக்கில் நேரமிருந்தது.

நான் செய்ய முயன்றது சின்னஞ்சிறு பிளாஸ்டிக் மணிகள். கடுகைப் பல துண்டாக்கினால் ஒரு துண்டு எவ்வளவு இருக்குமோ அவ்வளவுதான் ஒரு மணி. அதைச் செய்கிற முறைக்குக் கிளிக் வேதியியல் என்று பெயர். பெயர் பெரிதாக இருக்கிறதே தவிர விஷயம் ரவிக்கைக் கொக்கிதான். ஒரு திரவத்தின் மூலக்கூறுகளுக்குக் கொக்கி இருக்கும். நாறுகிற கந்தக முனைதான் அந்தக் கொக்கி. இன்னொரு திரவத்துக்கு வளையம் இருக்கும். இரண்டையும் கலந்து இருட்டில் வைத்தால் ஒன்றும் ஆகாது. கூடவே ஒரு பொடியைச் சிட்டிகை போட்டு வெளிச்சத்தில் காட்டினால், பொடி உடைந்து வேலையை ஆரம்பித்து வைக்கும். கொக்கிகள் சட்சட்டென்று வளையங்களில் மாட்டிக்கொள்ள, தண்ணீர் போலிருந்தது சில நிமிஷத்தில் கெட்டியாகிவிடும்.

இந்தக் கலவையைச் சோப்புத் தண்ணீரில் ஊற்றிக் கலக்கினால் எண்ணெய் போலத் துளித்துளியாகப் பிரிந்து, பார்க்கப் பால் மாதிரி ஆகும். அப்போது வெளிச்சம் பட்டால் ஒவ்வொரு துளியும் உருண்டையாக இறுகிவிடும். நான் வேண்டுமென்றே கொக்கிகளைக் கொஞ்சம் அதிகமாகப் போடுவேன். வளையம் கிடைக்காத மிச்சக் கொக்கிகள் மணியின் மேல் நீட்டிக்கொண்டு நிற்கும். பிறகு வளையம் உள்ள சிவப்புச் சாயத்தில் மணிகளை ஊறவைத்து மறுபடி வெளிச்சம் காட்டினால், சாயம் போய் அந்தக் கொக்கிகளில் மாட்டிக்கொள்ளும். கழுவினாலும் போகாது. சாயத்துக்குப் பதிலாக மருந்தை மாட்டலாம், தண்ணீரில் உள்ள விஷத்தைப் பிடிக்கிற பொருளை மாட்டலாம். வெளிச்சம் படுகிற இடத்தில் மட்டும் மாட்டும் என்பதுதான் இதில் என் மனசைப் பிடித்தது. வெளிச்சத்தால் தைக்கிற மாதிரி.

அதற்கென்று விசேஷ விளக்கு வேண்டும். நமக்கேது. அந்த அறையின் கூரையில் ஒரே ஒரு கண்ணாடி ஓடு இருந்தது. உச்சி வேளையில் அதன் வழியாக ஒரு பட்டை வெயில் நேராக என் மேசையில் இறங்கும். விருத்தாசலத்து வெயிலுக்கு விளக்கெல்லாம் கால்தூசு. காலையில் வகுப்பு இல்லாத நாட்களில் கலவையைப் பீக்கரில் தயார் செய்து, வெளிச்சம் படாமல் சுற்றிலும் கறுப்புத் தாள் ஒட்டி, அறையின் இருட்டு மூலையில் கலக்கியின் மேல் வைத்துவிடுவேன். கலக்கிக்குள் காந்தம் சுற்றும், பீக்கருக்குள் போட்ட சின்னக் குச்சி அதோடு சேர்ந்து சுற்றும். வெயில் பட்டை மேசைக்கு வந்ததும் தாளை உரித்துப் பீக்கரை அதில் வைப்பேன்.

முதல் சில மாசம் மணிகள் வந்தன. எல்லாம் முழுக்கச் சிவப்பாக வந்தன. கல்லூரியிலிருந்து இரவல் வாங்கிய மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் மாதுளை முத்து மாதிரி இருக்கும். அழகுதான். ஆனால் வெளிநாட்டில் யார் யாரோ ஏற்கெனவே செய்து முடித்த அழகு. நான் சமையல் குறிப்பைப் பார்த்து இட்லி ஊற்றிக்கொண்டிருந்தேன், அவ்வளவுதான்.

ஆடியில் ஒரு நாள் சாயம் ஏற்றிக்கொண்டிருந்தபோது கரண்ட் போனது. கலக்கி நின்றுவிட்டது. மணிகள் சாயம் ஊற்றியிருந்த பீங்கான் தட்டின் அடியில் படிந்து அசையாமல் கிடந்தன, மேலே வெயில் விழுந்துகொண்டிருந்தது. வகுப்புக்கு நேரமாகிவிட்டதால் தட்டை எடுத்து மூடிவைத்துவிட்டு ஓடினேன். சாயங்காலம் கழுவி, கெட்டுப்போயிருக்கும் என்று நினைத்துக்கொண்டே மைக்ராஸ்கோப்பில் வைத்தேன்.

ஒவ்வொரு மணியும் பாதி சிவப்பாகவும் பாதி வெள்ளையாகவும் இருந்தது.

சில மணிகள் சிவப்பு முகத்தைக் காட்டின, சில வெள்ளை முகத்தை. சில பக்கவாட்டில் கிடந்தன. அவற்றில் சிவப்பும் வெள்ளையும் சேருகிற கோடு கூடத் தெரிந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தேன். பத்து வருஷமாகப் பிறர் கண்டுபிடித்த விடைகளையே பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்து வந்தவள் நான். என் கண்முன்னே இருந்த இந்தக் கேள்விக்கு நான் படித்த எந்தப் புத்தகத்திலும் விடை இல்லை. அது எனக்கு மட்டும் தெரிகிற இடத்தில் வந்து உட்கார்ந்திருந்தது.

அடுத்த நாளே பஸ் ஏறிப் புதுச்சேரிக்குப் போனேன். என் நெறியாளர் குறைவாகப் பேசுகிறவர். சின்னக் குப்பியில் கொண்டுபோன மணிகளை நெடுநேரம் பார்த்தார்.

"இரண்டு முகம் இருக்கிற மணி. ஒரு முகத்தில ஒண்ணு, மறு முகத்தில வேற ஒண்ணு மாட்டலாம். இது பெரிய விஷயம்" என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை. அடுத்த வாக்கியத்தில் கீழே இறக்கினார். "ஆனா ஒரு தடவை வந்தா அது விபத்து. மறுபடி வந்தாத்தான் வேதியியல். எப்படி வந்துச்சு?"

தெரியவில்லை என்றேன்.

"மழைக்காலம் முடியறதுக்குள்ள ஆய்வுக் குழு கூடும். அதுக்குள்ள மறுபடி செஞ்சு காட்டுங்க. இல்லேன்னா இந்தத் தலைப்பை விட்டுடலாம். உங்க ஊர்ல களிமண் இருக்கே, அதில இரும்பு எவ்வளவு, மணல் எவ்வளவுன்னு பார்த்து எழுதிடலாம். பட்டம் வந்துடும்."

பட்டம் வந்துவிடும் என்று அவர் சொன்ன விதத்தில் எனக்கு அழுகையே வந்தது. எனக்கு வேண்டியது பட்டமா? அந்த மணி ஏன் பாதி சிவந்தது என்று தெரிய வேண்டும். தெரியாமல் களிமண்ணில் இரும்பு எண்ணிக்கொண்டு காலம் தள்ளுவதை நினைக்கவே முடியவில்லை.

திரும்பி வந்த அன்றே முதல் வேலையாக அறையைப் பத்திரம் செய்தேன். அந்த அறை ஒரு வழிப்பாதை மாதிரி இருந்தது. பட்டறையிலிருந்து சூளைக்குப் போகிறவர்கள் இந்தக் கதவில் நுழைந்து அந்தக் கதவில் போவார்கள். குறிப்பாகச் சித்தி ஒரு நாளைக்கு எத்தனை முறை போவார் என்று கணக்கே கிடையாது. இனி இது நடக்காது என்று முடிவு செய்தேன். இவ்வளவு அபூர்வமான ஒன்று வந்திருக்கிற அறையில் காற்றுகூட என்னைக் கேட்டுக்கொண்டுதான் வர வேண்டும். பட்டறையிலிருந்து ஒரு கிண்ணம் ஸ்லிப்பு எடுத்து வந்தேன். அச்சில் ஊற்றுகிற கூழ் மாதிரியான களிக் கரைசலுக்கு அங்கே ஸ்லிப்பு என்றுதான் பெயர். பிரஷ்ஷால் அதைத் தொட்டு, வாசலுக்குக் குறுக்கே ஒரு வெள்ளைக் கோடு போட்டேன்.

"இந்தக் கோட்டைத் தாண்டி யாரும் வரக் கூடாது. சித்தி, உங்களையும் சேத்துத்தான் சொல்றேன். என் பீக்கரை யாரும் தொடக் கூடாது. ஒரு தூசி விழுந்தாலும் என் வாழ்க்கை போச்சு!"

பட்டறைப் பெண்கள் கையில் அச்சோடு அப்படியே நின்றார்கள். சித்தி இடுப்பில் கைவைத்துக் கோட்டைப் பார்த்தார்.

"வூடு என்னுது, சூளை என்னுது, களியும் என்னுது. கோடு மட்டும் இவளுது" என்றார் அந்தப் பெண்களிடம். ஆனால் அன்றிலிருந்து கோட்டை மதித்தார். சூளைக்குப் போக வீட்டைச் சுற்றிக்கொண்டு சந்து வழியாகப் போனார். வெயிலில் முக்காடு போட்டுக்கொண்டு அவர் போவது என் ஜன்னல் வழியே தெரியும். எனக்கு அது தெரிந்ததே தவிர உறைக்கவில்லை.

மறுபடி செய்தேன். கரண்ட் போனதுதான் காரணம் என்பது என் எண்ணம். மணிகள் அசையாமல் கிடந்ததால் வெளிச்சம் மேல்பக்கம் மட்டும் பட்டிருக்கிறது, அதனால் மேல்பக்கம் மட்டும் சாயம் மாட்டியிருக்கிறது. கச்சிதமான விளக்கம். கலக்கியை நானே நிறுத்திவிட்டு மணிகளை அடியில் படியவிட்டு வெயிலைக் காட்டினேன்.

முழுச் சிவப்பு.

யோசித்தால் அது சரிதான். என் மணிகள் தனித்தனியாகப் பார்த்தால் கண்ணாடி. வெளிச்சம் மேலே விழுந்து உள்ளே புகுந்து அடிவரை போய்விடுகிறது. கீழ்ப்பக்கத்துக் கொக்கிக்கும் வெளிச்சம் கிடைத்துவிடுகிறது. அப்படியானால் ஆடியில் வந்த மணிகளுக்குள் வெளிச்சம் ஏன் புகவில்லை? சோப்பைக் கூட்டினேன், குறைத்தேன். வெயில் நேரத்தைக் குறைத்தேன். தட்டை மாற்றினேன். தண்ணீரை மாற்றினேன். சிவப்பு, சிவப்பு, சிவப்பு. சில தடவை சாயமே ஏறாமல் வெள்ளை. பாதி மட்டும் வரவில்லை.

ஒவ்வொரு முறை தோற்கும்போதும் கோட்டைப் புதுப்பித்தேன். யாரோ உள்ளே வந்து கெடுக்கிறார்கள் என்று எனக்குள் ஒரு சந்தேகம். ஒரு நாள் கேட்டே விட்டேன். சித்தி நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டு, "மாதா மேல ஆணையா உன் ரூமு பக்கம் நான் எட்டிப்பாக்கறது கூட இல்லடி" என்றார். அது உண்மை என்று அவர் முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. அதற்கு மேல் என்ன கேட்பது?

புரட்டாசி போய் ஐப்பசி பிறந்தது. கிழக்கே மேகம் கட்டத் தொடங்கியது. கடலூரிலிருந்து கடைக்காரர்கள் குடில் செட்டுக்குப் போன் போட ஆரம்பித்தார்கள். மழை இறங்கினால் அறை போய்விடும். அறை போகாவிட்டாலும் வெயில் போய்விடும். இரண்டில் எது முந்தும் என்றுதான் பார்க்க வேண்டியிருந்தது. வகுப்பில் கரும்பலகையில் எழுதும்போதே எனக்கு மணிகள் ஞாபகம் வரும். இரவில் சாப்பாடு இறங்காது. "நாத்தம் புடிச்ச பாட்டிலைக் கட்டிக்கிட்டு அழறா, இவளை எவன் வந்து பொண்ணு கேப்பான்" என்று சித்தி புலம்புவார். புலம்பிவிட்டு, என் தட்டில் இன்னொரு கரண்டி மீன் குழம்பை ஊற்றுவார்.

அது ஒரு சனிக்கிழமை. பட்டறையில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தேன். சித்தி செல்போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு கடைக்காரர் ஒருவரிடம் சண்டை போட்டுக்கொண்டிருந்தார். "மூணு ராஜா குடுத்தா ஒரு ராஜா ஒடைஞ்சிருந்துச்சுங்கறீங்க. ஒடைஞ்ச ராஜாவை வச்சுக்கிட்டு நான் என்னங்க பண்றது?" பேசிக்கொண்டே குறுக்கும் நெடுக்கும் நடந்தார். நடுவில் ஒரு வாளி ஸ்லிப்பு இருந்தது. அதைத் தாண்டும்போது ஒரு பார்வை பார்த்தார். வலது கை பக்கத்து மூட்டைக்குள் போனது. ஒரு பிடி வெள்ளைக் களிப்பொடி வாளிக்குள் விழுந்தது. வாளியில் கிடந்த குச்சியால் இரண்டு சுற்று. கை முந்தானையில் துடைத்துக்கொண்டது. பேச்சு ஓரிடத்திலும் நிற்கவில்லை.

போனை வைத்ததும் கேட்டேன். "வாளியில என்ன போட்டீங்க சித்தி?"

"எந்த வாளியில?"

"இப்ப போட்டீங்களே, இதுல."

"நான் எங்க போட்டேன்?"

விளையாடவில்லை. நிஜமாகவே அவருக்குத் தெரியவில்லை. பக்கத்தில் அச்சு கட்டிக்கொண்டிருந்த பெண் சிரித்தாள். "அக்கா அப்படித்தாங்க. வெள்ளையா எதாச்சும் தண்ணியாட்டம் இருந்தா அவங்க கை சும்மா இருக்காது. ஸ்லிப்பு தண்ணியா இருந்தா அச்சுல நிக்காதுல்ல. எங்க எல்லாருக்குமே அந்தப் பழக்கம் இருக்குது. ஒரு வாட்டி கோயில் கஞ்சித் தொட்டியில போடப் போயிட்டாங்க."

நான் டீ கிளாஸைக் கீழே வைத்தேன். என் அறைக் கதவைப் பார்த்தேன். கதவை ஒட்டி, உள்பக்கம், ஒரு மூட்டை களிப்பொடி. கிளேஸ் அறையாக இருந்த காலத்திலிருந்து அங்கேயே இருந்தது. அதற்குப் பக்கத்து மூலையில்தான், உச்சி வெயில் வரும் வரை, என் பீக்கர் இருக்கும். உள்ளே பால் மாதிரி வெள்ளையாக, தண்ணீராக.

சித்தி அந்த அறை வழியாகப் போய்வந்துகொண்டிருந்தது ஆடி வரைக்கும்தான். அதற்குப் பிறகு ஏன் போகவில்லை? நான் கோடு போட்டேன். எது மறுபடி வர வேண்டும் என்று தவம் கிடந்தேனோ, அது உள்ளே வருகிற வழியை நானே அடைத்துவிட்டு, ஏன் வரவில்லை என்று வெயிலைக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறேன்.

"சித்தி, நீங்கதானா அது!" என்று கத்தினேன்.

சந்தோஷத்தில்தான் கத்தினேன். ஆனால் என் சந்தோஷத்துக்கும் கோபத்துக்கும் குரல் ஒன்றுதான். பட்டறையே திரும்பிப் பார்த்தது. சித்தியின் முகம் வெளுத்துவிட்டது. நான் விளக்க விளக்க, அவர் காதில் விழுந்தது ஒன்றே ஒன்றுதான்: என் பீக்கரில் அவர் களி போட்டிருக்கிறார்.

"நான் தொடலன்னு மாதா மேல ஆணை வச்சேனே" என்றார் மெதுவாக.

"அது கோடு போட்டப்புறம் சித்தி. இது அதுக்கு முன்னாடி. நீங்க கெடுக்கல. நீங்க போட்டதாலதான் நல்லது வந்துச்சு."

"இத்தினி நாளா சோறு எறங்காம அழுதியே. நான் போட்ட களியாலதானா?"

"இல்ல சித்தி. நீங்க போடாததாலதான் அழுதேன்."

இதை யார்தான் நம்புவார்கள்? கெட்டிக்காரத்தனமாக ஆறுதல் சொல்கிறேன் என்று நினைத்துக்கொண்டார். அன்று சாயங்காலப் பூசைக்குப் போனவர் எல்லாரும் வந்த பிறகு தனியாக வந்தார். என்னிடம் சாப்பிட்டாயா என்று மட்டும் கேட்டார்.

எனக்கு வெயில் வேண்டும், அதுவும் உடனே வேண்டும். ஆனால் அன்று இரவே மழை பிடித்துவிட்டது. அடுத்து வந்த நாளெல்லாம் மூட்டம். கண்ணாடி ஓட்டில் சாம்பல் நிறம்தான் தெரிந்தது. மணிமுத்தாற்றில் தண்ணீர் வந்துவிட்டது என்று ஊரே பாலத்துக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தது. நான் மேசைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பட்டறையில் ஆட்டுக்குட்டிகளும் ஒட்டகங்களும் அச்சிலிருந்து வந்து குவிந்துகொண்டிருந்தன. சித்தி அறையைக் கேட்கவில்லை. கேட்காதது இன்னும் கஷ்டமாக இருந்தது.

ஒரு நாள் மாடியில் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தேன். கீழேயிருந்து சித்தியின் குரல் வந்தது.

"ஏ பாப்பா! வெயிலு வந்துடுச்சுடி! சீக்கிரம் ஓடியா!"

படிகளில் எப்படி இறங்கினேன் என்று தெரியாது. தயாராக வைத்திருந்த கலவையைச் சோப்புத் தண்ணீரில் ஊற்றிக் கலக்கினேன். களிப்பொடியை அரைப் பிடி அளந்து போட்டேன். வெயில் பட்டைக்கு நகர்த்தினேன். மணிகள் இறுகின. கழுவி ஒன்றை மைக்ராஸ்கோப்பில் வைத்தேன். கண்ணாடி மாதிரி இல்லை, உள்ளே எதுவும் தெரியாமல் சுண்ணாம்பு உருண்டை மாதிரி இருந்தது. ஆடியிலும் இப்படித்தான் இருந்தது. அப்போது காற்றுக் குமிழி என்று நினைத்து விட்டுவிட்டேன். களித்துகள் துளியைச் சுற்றித் தோலாகப் போர்த்தியிருக்கிறது. வெளிச்சம் மேல்பக்கத்தோடு நின்றுவிடுகிறது, அடிப்பக்கம் நிழல். கலக்கி சுற்றினால் எல்லாப் பக்கமும் வெயில் பட்டுவிடும்; களியும் விழ வேண்டும், மணியும் அசையாமல் கிடக்க வேண்டும், அன்று இரண்டும் சேர்ந்து நடந்திருக்கிறது.

சாயத்தை ஊற்றி, அசையாமல் படியவிட்டு, தட்டை வெயிலில் வைத்தேன். மேகம் மறுபடி கிழக்கே திரண்டுகொண்டிருந்தது. தட்டின் மேல் என் நிழல் விழாமல் சுவரோடு ஒட்டி நின்றேன். வாசலில், கோட்டுக்கு வெளியே, சித்தி ஜெபமாலையைக் கையில் சுற்றிக்கொண்டு நின்றார். வெயில் மங்கியது. தட்டை எடுத்துக் கழுவினேன். மைக்ராஸ்கோப்பில் வைத்துக் குனிந்தேன்.

"வந்துச்சா?" என்றார்.

பாதி சிவப்பு, பாதி வெள்ளை. கண்ணுக்கு எட்டிய மணியெல்லாம்.

"வந்துடுச்சு சித்தி" என்று சொல்லும்போதே எனக்கு அழுகை பொங்கிவிட்டது. நான் அழுவதைப் பார்த்து, வரவில்லை போலிருக்கிறது என்று நினைத்து அவரும் கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

மறுநாளே மழையோடு புதுச்சேரிக்குப் போனேன். களி போட்டது ஒரு குப்பி, போடாதது ஒரு குப்பி. பண்ருட்டியில் பஸ் நின்றபோதுகூட இறங்காமல் இரண்டையும் மடியில் வைத்துக்கொண்டிருந்தேன். நெறியாளர் ஒன்றை மாற்றி ஒன்றாகப் பார்த்தார்.

"களி போடணும்னு உங்களுக்கு எப்படித் தோணுச்சு?"

"எனக்குத் தோணல மேடம். எங்க சித்தி கைக்குத் தோணுச்சு" என்று நடந்ததைச் சொன்னேன். அவர் அவ்வளவு சத்தமாகச் சிரித்து அதற்கு முன் நான் கேட்டதில்லை. பக்கத்து அறையிலிருந்து எட்டிப்பார்த்தார்கள். சிரித்து முடித்து, அலமாரியிலிருந்து ஒரு பழைய விளக்கை எடுத்து மேசையில் வைத்தார். வெயிலில் இருக்கிற அதே ஒளியைத் தருகிற விளக்கு. "இதை எடுத்துட்டுப் போங்க. களியில எது போர்த்துது, எவ்வளவு போட்டா எவ்வளவு நிழல், எல்லாம் பாக்கணும். தலைப்பை மாத்த வேணாம். குழுவில நான் பேசிக்கிறேன். இன்னும் ஒரு வருஷம் வேலை இருக்கு. எடம் இருக்குதில்ல?"

இருக்கிறது என்று தலையாட்டிவிட்டேன். திரும்பி வரும் வழியெல்லாம் அதுதான் உறுத்தியது. மழை வந்தாயிற்று. பேச்சு பேச்சாக இருக்க வேண்டும்.

வீட்டுக்குள் நுழைந்தால் கால் வைக்க இடமில்லை. கூடத்தில் ஒட்டகங்கள், டிவி மேல் தேவதூதர்கள். மாடிப்படி ஒவ்வொன்றிலும் ஆட்டுக்குட்டிகள் வரிசையாகக் காய்ந்துகொண்டிருந்தன. சித்தியின் கட்டிலில் மூன்று ராஜாக்கள் படுத்திருந்தார்கள். சித்தி தரையில் பாயை விரித்துக்கொண்டிருந்தார். பின்னறைக் கதவு திறந்திருந்தது. உள்ளே என் சாமான்களையும் அந்தக் களி மூட்டையையும் தவிர ஒன்றும் இல்லை. யாரோ கூட்டியிருந்தார்கள், ஆனால் கோடு வரைக்கும்தான்.

"மேடம் என்ன சொன்னாங்க?" என்றார் பாயைத் தட்டிக்கொண்டே.

ஈரத் துணியை எடுத்துப்போய் வாசலில் இருந்த கோட்டைத் துடைத்தேன். பல பூச்சு பூசியிருந்ததால் சுலபத்தில் போகவில்லை. தேய்த்து எடுத்துவிட்டுக் கூப்பிட்டேன். "சித்தி, உள்ள வாங்க. நீங்க செஞ்சதைப் பாருங்க."

வாசல் வரை வந்தார். கோடு இருந்த இடத்தில் நின்று கீழே பார்த்தார். பிறகு சேலையைத் தூக்கிப் பிடித்து, அங்கே இல்லாத கோட்டை மிதிக்காமல் காலை உயர்த்தி வைத்து உள்ளே வந்தார்.

ஸ்டூலில் உட்கார வைத்து மைக்ராஸ்கோப்பைச் சரிசெய்து கொடுத்தேன். ஒரு கண்ணை இறுக மூடிக்கொண்டு பார்த்தார்.

"நாம சுரூபத்துக்கு அடிக்கிற மாதிரியே இருக்குதேடி" என்றார். "முன்னாடி மட்டும் சாயம். பின்னாடி செவுத்துப் பக்கந்தானே, யாரு பாக்கப் போறா."

"ஆமா சித்தி."

"இது நான் போட்டதாலயா வந்துச்சு? நெசமாவா?"

"நெசமாத்தான்."

மறுபடி குனிந்து பார்த்தார். அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே நான் விளக்கைச் சோதிப்பதற்காகப் புதுக் கலவை ஒன்றைக் கலக்கி, கறுப்புத் தாள் சுற்றிய பீக்கரில் அவருக்குப் பக்கத்தில் வைத்தேன். களி போடாமல் ஒப்பிட்டுப் பார்ப்பதற்கான கலவை அது. கண் மைக்ராஸ்கோப்பில் இருக்க, அவருடைய வலது கை மெல்ல மடியிலிருந்து எழுந்தது. மூட்டைப் பக்கம் போனது. ஒரு பிடி அள்ளியது. பீக்கருக்கு மேலே வந்து, அங்கே நின்றுவிட்டது.

நிமிர்ந்து தன் கையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். என் குரல் அந்தக் கைக்குள் போய் உட்கார்ந்திருந்தது. எனக்கு அதைப் பார்க்கத் தாங்கவில்லை.

"போடுங்க சித்தி" என்றேன்.

"திட்ட மாட்டியே?"

"போடுங்க."

போட்டார். பக்கத்தில் கிடந்த கண்ணாடிக் குச்சியை எடுத்து இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டு, கையை முந்தானையில் துடைத்துக்கொண்டார்.

"ரொம்பத் தண்ணியா இருந்துச்சுடி. மனசு கேக்கல."